கடற்கோளும் வதந்தியும் திறந்த ஏடும்

காவிரி நாட்டிற்கு வளம் தருவதும் நீரே. கேடு தருவதும் நீரே. 1952ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாகைக் கரையைத் தாக்கிய புயலையும், 1977 நவம்பரில் வந்த பெரும்புயலையும் நம் முதியோர் வயதுக் கணக்கிற்கு அடையாளமாகக் கொண்டு, "புயலடித்த ஆண்டு பிறந்தவன்" என்று பேரனைக் காட்டிக் கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். அவற்றின் பின் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும், 2018ஆம் ஆண்டின் கஜா புயலும் வந்தன. இவற்றால் விளைந்த அழிவைக் குறித்து எழுதினோர் பலர். இக்கட்டுரையில் ஆராயப் புகுவது, அழிவின் மறுநாள் தொடங்கி ஊர்தோறும் பரவும் பொய்ச்செய்தியையும், அதனைப் போக்கவல்ல மருத்துவ ஆராய்ச்சி எவர் கைக்கு எட்டுகின்றது என்பதையுமாம்.

பேரிடர் வந்தவுடன் மக்கள் முதற்கண் நாடுவன உணவும் உறைவிடமும். அவற்றிற்கு அடுத்து நாடுவது காரணம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்கு மணிமேகலைக் காப்பியம் கூறும் காரணத்தை நம் மாணாக்கர் அறிவர். மகனைக் காணாது வருந்திய சோழ மன்னன் இந்திர விழாவை நடத்தாது விடுத்தனன். அதனால் நேர்ந்த தெய்வ சாபத்தால் கடல் பொங்கிற்று என்பது அக்கதை. இக்காலத்தில் சாபத்திற்குரிய இடத்தைக் கிருமி பற்றிக்கொண்டது. கிருமியைக் குறித்த பேச்சு சாஸ்திரத்தின் உடையணிந்து வருதலின், அதனுள் மறைந்து நிற்கும் பொய்யைக் காண்பது சாபக்கதையின் பொய்யைக் காண்பதினும் அரிதாகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா தீவினருகே கடலடியில் 9.1 என்னும் அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அதன் அலை சோழமண்டலக் கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000க்கு மேற்பட்டோர், 1991இல் தஞ்சை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற நாகப்பட்டினம் மாவட்டத்தினர் அல்லது அன்று அங்கு வந்திருந்தோர் ஆவர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் நிலைகுலைந்தன. கிறிஸ்து பிறந்த நாள் விழாவிற்கு வேளாங்கண்ணி வந்திருந்த யாத்திரிகர் பலர், ஊர் பேர் அறிவிப்பார் இன்றி மணலிற் கிடந்தனர்.

அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மண்வாரி இயந்திரங்களைக் கொண்டு பெருங்குழிகள் தோண்டப்பட்டன. சடலங்கள் பல, உற்றார் வந்து காணும் முன்னரே ஒருங்கே புதைக்கப்பட்டன. அங்ஙனம் விரைந்ததற்கு எங்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: பிணங்கள் இரண்டு நாள் கிடந்தால் கொள்ளைநோய் எழும், இருப்பவரையும் கொண்டுபோகும் என்பது. அதனைச் செய்தோர் தம் உயிரையும் பொருட்படுத்தாது உழைத்தவர். வெயிலோ கடுமை, சடலங்களைக் குளிரில் வைத்துக் காக்கும் வசதியோ அத்துணைப் பெருந்தொகைக்கு எவ்வூரிலும் இல்லை. ஆகவே அவர்களைக் குறைகூறுதல் நேர்மையன்று. ஆயினும் அவர்கள் நம்பிய காரணம் மெய்யா என்பதை ஆராய்ந்தே தீர வேண்டும். ஏனெனில் அந்த நம்பிக்கையின் விலையை இறந்தோரின் குடும்பத்தார் கொடுத்தனர்.

மருத்துவ ஆராய்ச்சி கூறுவது இது. கடற்கோளாலும் புயலாலும் நிலநடுக்கத்தாலும் இறப்போர் நீரில் மூழ்கியும் அடிபட்டும் இறக்கின்றனர், நோயுற்று இறப்பதில்லை. காலையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் உடலில் வாந்திபேதிக் கிருமி இல்லையாயின், மாலையில் அவன் சடலத்தில் மட்டும் அது எங்ஙனம் தோன்றும்? அழுகுதலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு, தொற்றுநோயை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு. பின்னவற்றுட் பெரும்பாலானவை, இறந்த உடலில் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு மேல் வாழமாட்டா. எச்.ஐ.வி. எனப்படும் வைரஸ் மட்டும் ஆறு நாள் வரை காணப்பட்டதாகக் குறிக்கப்பெற்றுள்ளது. அதுவும் இரத்தத்தைத் தொடுவோர்க்கன்றித் தெருவிற் செல்வோர்க்கு யாதொன்றும் செய்யாது. துர்நாற்றம் சகிக்கவொண்ணாததே, ஆயினும் காற்றோட்டமுள்ள இடத்தில் நாற்றம் நோயாவதில்லை. சடலங்களைத் தூக்கும் தொண்டர்க்கு மட்டும் இரத்தத்தாலும் மலத்தாலும் ஓரளவு அபாயமுண்டு. கையுறையும் காலணியும் அணிதல், வேலை முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் ஆகியவற்றால் அது நீங்கும். குடிநீர்க் குளத்திலோ கிணற்றிலோ சடலம் கிடப்பின், மலம் கலந்த நீரால் வயிற்றுப்போக்கு வரலாம் என்பது உண்மை. காலரா போன்ற நோயாலேயே இறந்தவரின் உடலுக்கு விதி வேறு என்பதும் உண்மை. இவையன்றிப் பொதுமக்கட்குப் பிணத்தால் வரும் அபாயம் பொருட்படுத்தத் தக்கதன்று.

இவ்வுண்மையைத் தொகுத்து ஆலிவர் மார்கன் என்பார் எழுதிய ஆய்வுரை, பான் அமெரிக்க சுகாதார அமைப்பின் பத்திரிகையில் 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. கடற்கோளுக்குப் பின்னர் அன்று, அதே ஆண்டில் அதற்குச் சில திங்கள் முன்னரே வெளிவந்தது. அப்பத்திரிகையை எவரும் விலையின்றி இணையத்திற் படிக்கலாம். ஆகவே நாகைக் கரையில் குழி தோண்டப்பட்ட அந்நாட்களில், அக்குழிகட்கு அவசரம் வேண்டா என்று கூறும் ஏடு உலகில் இருந்தது, பூட்டப்படாமலும் இருந்தது. அதனை அக்கரையில் படித்தோர் எத்துணைப் பேர்?

அவசரத்தால் விளைந்த தீங்கு யாது எனச் சிலர் வினவலாம். வெப்ப நாடுகளில் இறந்தோர் முகம் பன்னிரண்டு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் அடையாளம் காணவொண்ணாதவாறு மாறிவிடும். அதற்குள் முகத்தைப் புகைப்படம் எடுத்து, எண் இட்டு, உடையும் தாலியும் மச்சமும் குறித்துவைத்தால், பின்வரும் உறவினர் படத்தைக் கண்டேனும் தெளிவர். இலங்கையில் காலி நகரின் கராப்பிட்டிய மருத்துவமனையில் அங்ஙனம் படங்கள் எடுத்துவைத்தனர் என்பதைப் பின்னர் வந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டியுள்ளது. எண்ணும் படமும் இன்றிப் புதைக்கப்பட்டவன் சட்டத்தின் கண்ணில் இறந்தவனல்லன், காணாமற்போனவனே ஆவான். 2024 ஜூன் வரை நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவின்படி, ஒருவனைப் பற்றி ஏழாண்டுகள் யாதொரு செய்தியும் இல்லாதவிடத்தே அவன் இறந்தான் எனக் கொள்ளப்பட்டது. மரணச் சான்றிதழ் இன்றேல் காப்புறுதித் தொகையும் நிலத்தின் பட்டா மாற்றமும் தடைப்படும். இவை காகிதத் துன்பங்கள். கருமாதி செய்வதா, வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பதா என்று அறியாத தாயின் துன்பம் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது.

பொய் முழுப்பொய்யாக வருவது அரிது. அந்த வாரத்திலேயே உலக சுகாதார நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர், கடற்கோளால் இறந்த அளவிற்குத் தொற்றுநோயாலும் மக்கள் இறக்கக்கூடும் என எச்சரித்தார். அவர் கருதியது நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் இன்றி முகாம்களில் நெருங்கியிருப்போரின் நிலையை. ஆனால் அவ்வெச்சரிக்கையோடு உலகெங்கும் அச்சான படங்கள் பிணக்குவியலின் படங்கள். படிப்போர் இரண்டையும் தாமே முடிச்சிட்டுக்கொண்டனர். முடிச்சிட்டபின் பிளீச்சிங் பவுடர் சாலையோரங்களிலும் குழிகளிலும் சடலங்களின் மீதும் வெண்பனிபோல் தூவப்பட்டது. கண்ணுக்கு அது துப்புரவு. பயனோ இல்லை, அழுகும் உடலின்மேல் தூவிய மருந்துப்பொடி நோயைத் தடுப்பதில்லை, பொறுக்க முடியாத நெடியைத்தான் சற்றுத் தணிக்கும். அதே பொடியைக் குடிநீரில் இட்டால் உயிர் காக்கும். தெளிந்த நீர் ஆயிரம் லிட்டருக்குத் தரமான பொடி ஏறத்தாழ இரண்டரை கிராம் போதும். கலங்கல் நீருக்கு மிகுதி வேண்டும். இட்டபின் ஒரு மணி நேரம் காத்திருந்து, லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பதைச் சோதித்தறிதல் வேண்டும். ஒரு மூட்டைப் பொடியைத் தெருவிற் கொட்டுவோன் எத்துணைக் குடங்களை இழக்கிறான் என்று நம் கணித மாணாக்கர் கணக்கிடுக.

நாகையில் பெருங்கொள்ளைநோய் ஏதும் எழவில்லை. பிணங்களை விரைந்து புதைத்தமையால் எழவில்லை என இன்றும் கூறுவோர் உளர். அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நீரைக் காத்தமையும், முகாம்களைக் கண்காணித்தமையும், பிள்ளைகட்குத் தட்டம்மைத் தடுப்பூசி இட்டமையுமே காரணங்கள் எனல் தகும். இம்மாகாணத்தில் 1939ஆம் ஆண்டு முதலே பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டமும், அதற்கெனப் பயின்ற சுகாதார அலுவலர் வரிசையும் இருந்துவருவது பலருக்குத் தெரியாத செய்தி. பேரழிவுக் காலத்தில் அவ்வரிசை ஓசையின்றித் தன் வேலையைச் செய்தது.

வதந்தி பிணத்தோடு நிற்கவில்லை. கடலில் மாண்டோரின் உடலை மீன்கள் தின்றன, அம்மீனைத் தின்றால் நோய் வரும் என்ற பேச்சு எழுந்தது. கரையோரச் சந்தைகளில் மீன் வாங்குவார் அருகினர். மீனால் அங்ஙனம் நோயுற்றார் ஒருவர் உண்டு என்பதற்குச் சான்று ஏதும் கிடைத்திலது. படகும் வலையும் இழந்தவனுக்கு எஞ்சியிருந்தது ஒரு கட்டுமரம் என வைத்துக்கொள்வோம். அதில் சென்று அவன் கொண்டுவந்த மீனையும் இச்சொல் விலையற்றதாக்கிற்று. கடல் ஒருமுறை கெடுத்தவனை ஊர்வாய் இரண்டாம் முறை கெடுத்தது.

டிசம்பர் 30ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் வியப்புடையது. மற்றொரு கடற்கோள் வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. கரையெங்கும் மக்கள் ஓடினர். நிவாரணப் பணி நின்றது. அவ்வெச்சரிக்கைக்கு அடிப்படை, அமெரிக்காவில் உள்ள தனியார் நிறுவனம் ஒன்றன் முன்கணிப்பே எனவும், அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை எனவும் பின்னர் வெளிப்பட்டது. அறிவியல் அமைச்சராயிருந்த கபில் சிபல் அதனை வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். நிலநடுக்கம் எந்நாளில் எவ்விடத்தில் வரும் என முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் இன்றளவும் எவர்க்கும் இல்லை. நிலநடுக்கம் நேர்ந்தபின் அலை வருமா என அறியும் நிலையமோ அன்று நம் நாட்டில் இல்லை. 2007ஆம் ஆண்டிலேதான் ஐதராபாத்தில் அது தொடங்கப்பெற்றது. மெய்யறிவு நின்று பேசுவதற்கு ஓரிடம் இல்லாதபோது, அவ்விடத்தில் யார் வேண்டுமாயினும் நின்று பேசலாம். அரசாங்கத்தின் வாயும் அப்பொழுது வதந்தியின் வாயாகிவிடும்.

இனி, மருத்துவ ஆராய்ச்சி எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்பதைக் காண்போம். நோயைப் பற்றி ஒரு மருத்துவர் ஆராய்ந்து கண்டதைப் பத்திரிகையில் வெளியிடுகின்றார். அவ்வாராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் பொதுமக்களின் வரியினின்றும் வருகின்றது. ஆனால் வெளியிட்ட பத்திரிகையோ ஆண்டுச் சந்தா கட்டியோர்க்கே காட்டப்படும். ஒரே கட்டுரையைப் படிக்க விரும்புவோனும், கூலித்தொழிலாளி பல நாள் உழைத்துப் பெறும் தொகையைக் கட்டவேண்டியிருக்கும். ஏழை நாடுகட்கு இதனை இலவசமாக அளிக்க உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஹினாரி என்னும் ஏற்பாட்டைச் செய்தது. அதில் இந்தியா சேர்க்கப்படவில்லை. விற்பனைக்கு இது நல்ல சந்தை எனப் பதிப்பாளர் கருதினர் போலும். அவ்வாண்டே புடாபெஸ்ட் நகரில் கூடிய அறிஞர் சிலர், ஆராய்ச்சி ஏடுகள் யாவர்க்கும் தடையின்றித் திறந்திருத்தல் வேண்டும் என அறிக்கை வெளியிட்டனர். திறந்த அணுக்கம் என இன்று நாம் வழங்குவது அதுவே. அந்நெறியிற் பிறந்த பிளாஸ் மெடிசின் என்னும் மருத்துவப் பத்திரிகையின் முதல் இதழ் 2004 அக்டோபரில், கடற்கோளுக்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் முன்னர் வெளிவந்தது.

அப்பத்திரிகையில் 2005ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்று நமக்கு உரியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநோய் மருத்துவப் பேராசிரியர் பிரதாப் தரியன், மைக் கிளார்க், சாலி கிரீன் என்னும் இருவரோடு சேர்ந்து அதனை எழுதினார். காக்ரேன் என்பது மருத்துவ ஆராய்ச்சிகளையெல்லாம் ஒருங்கே திரட்டி, எந்தச் சிகிச்சை பயன் தரும், எது தராது என நிறுத்துப் பார்க்கும் உலகளாவிய அமைப்பு. கடற்கோள் நிகழ்ந்ததும் அவ்வமைப்பினர், பேரிடரில் உதவும் மதிப்புரைகளைத் தேர்ந்து, விலையின்றித் திறந்துவைத்தனர். எவிடன்ஸ் எயிட் என்னும் பெயரால் பின்னாளில் வளர்ந்த முயற்சிக்கு அதுவே வித்து.

அவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துரைப்பது போதும். துயருற்றோரை ஒருமுறை உட்காரவைத்து, நடந்ததை முழுவதும் சொல்லச்செய்து மனச்சுமையை இறக்கினால், பின்னாளில் மனநோய் வராது என்பது மேனாட்டிற் பரவியிருந்த ஒரு கொள்கை. கேட்போர்க்கு இது இயல்பாகவே உண்மைபோல் தோன்றும். 2002ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்புரை, அத்தகைய ஓரமர்வுப் பேச்சால் பயன் யாதும் இல்லை என்றும், ஓர் ஆய்வில் ஓராண்டிற்குப்பின் அதனைப் பெற்றோரே மிகுதியாகத் துன்புற்றனர் என்றும் கண்டது. அன்பு மேலீட்டால் முகாம்தோறும் சென்று, "அலை வந்தபோது பிள்ளை எங்கே நின்றது?" என்று கேட்கும் தொண்டன் புண்ணைக் கிளறுகின்றான். இதனை அறிவதற்கு அறிவுக்கூர்மை மட்டும் போதாது. பலரைப் பல நாள் தொடர்ந்து கண்ட ஆராய்ச்சி வேண்டும். அவ்வாராய்ச்சி பூட்டிக்கிடந்தால் அன்பே தீங்காகிவிடும். 2007ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொருளுதவி செய்து, நாடு முழுவதற்கும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றித் திறந்துவைத்ததற்கு வேலூராரின் முயற்சியும் துணைநின்றது.

கதவு திறந்தால் போதுமா? போதாது என்பதை மார்கன் எழுதிய ஏடே காட்டுகின்றது. திறந்திருந்தும் அது நாகைக்கு வரவில்லை. அது ஆங்கிலத்தில், மருத்துவக் கலைச்சொற்களில் இருந்தது. கிராமத்துச் செவிலியோ, பஞ்சாயத்துத் தலைவரோ, குழிவெட்டும் இயந்திரத்தை ஓட்டும் இளைஞனோ அதனைத் தேட வழியில்லை. பேரிடரின் நடுவே தேட நேரமும் இல்லை. 2006ஆம் ஆண்டு பான் அமெரிக்க சுகாதார அமைப்பும், உலக சுகாதார நிறுவனமும், செஞ்சிலுவைச் சங்கங்களும் சேர்ந்து, சடலங்களைக் கையாளும் முறைபற்றித் தொண்டர்க்கென ஒரு கைந்நூல் வெளியிட்டன. கடற்கோளிற் கற்ற பாடமே அந்நூல். தற்காலிகமாகப் புதைப்பதாயின் குழி ஒன்றரை மீட்டர் ஆழம், ஒரே அடுக்கு, உடலுக்கும் உடலுக்கும் 0.4 மீட்டர் இடைவெளி, குடிநீர் ஊற்றினின்றும் குறைந்தது 200 மீட்டர் தொலைவு என அளவுகளோடு கூறும். அரசாணை வரும்வரை காத்திராமல் எவரும் செய்யத்தக்க அளவுகள் அவை.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கஜா புயல் கரையேறிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வீழ்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் மின்விளக்கு எரியப் பல நாட்கள் ஆயின. உலகத்து மருத்துவ ஏடுகள் யாவும் திறந்திருந்தாலும் அந்நாட்களில் அவ்வூரார்க்கு அவை இல்லாதனவே. வதந்திக்கு மின்சாரம் வேண்டா. அது திண்ணையிலும் தண்ணீர் லாரியின் வரிசையிலும் பரவும். ஆகவே பேரிடருக்கு முன்னரே தாளில் அச்சாகி வீட்டிற் கிடக்கும் ஓர் ஏடு, பேரிடரின்போது இணையத்திலுள்ள ஆயிரம் ஏடுகளினும் பயனுடையது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு, இதுவே கடினமானது. அவ்வாண்டே ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் பெருகியபோது எலிக்காய்ச்சல் பரவிற்று. எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு நிற்போர்க்கு வரும் நோய் அது. நடவு காலத்தில் சேற்றில் நாள்முழுதும் நிற்கும் நம் உழவர்க்கும் உரிய நோயே. வெள்ளத்தில் இறங்குவோர் டாக்சிசைக்ளின் மாத்திரை உண்ண வேண்டும் என அரசு அறிவித்தது. அதனை உண்ணாதீர் என்று பிரசாரம் செய்த இயற்கை மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆராய்ச்சி கூறுவதென்ன? பனாமாக் காடுகளிற் பயின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் 940 பேரைக் கொண்டு 1984இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை அம்மருந்தை உண்டோருள் ஒருவரும், வெறும் மாத்திரை உண்டோருள் இருபதின்மரும் நோயுற்றனர். பயன் வெளிப்படை. ஆயினும் 2009ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்புரை, எல்லா ஆய்வுகளையும் சேர்த்து நோக்கியபோது பயன் தெளிவாகவில்லை, குமட்டலும் வாந்தியும் மிகுகின்றன என்று கூறிற்று. சில வாரம் காட்டிற்குச் சென்று மீளும் சிப்பாய் வேறு. ஆண்டு முழுவதும் அந்நீரிலேயே வாழ்வோன் வேறு. ஆகவே வெள்ளத்தில் சில நாள் இறங்குவோர்க்கு மருந்தளித்தது தகுதியான முடிவே என்பது எமது கருத்து. எக்காலமும் எல்லோரும் உண்க என்பதற்கு ஆதாரம் போதாது. வதந்தி ஐயமின்றிப் பேசும். ஆராய்ச்சி அளந்து, ஐயத்தையும் கூடவே சொல்லும். மக்கட்கு உரைப்போர் அந்த ஐயத்தை மறைத்து உரைத்தால், பிறகு உண்மையையும் மக்கள் நம்பார். கைவிலங்கு இவ்விடத்தில் விடையாகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

எளிய சொல்லில், வேண்டிய காலத்தில் அறிவைக் கொண்டுசெல்லுதல் இயலாததன்று. 1971இல் வங்கநாட்டுப் போரினின்றும் தப்பி வந்தோர் எல்லையோரத்துப் போங்காவ் நகரில் காலராவால் மடிந்தபோது, திலீப் மஹலனாபிஸ் என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே வாய்வழி ஊட்டச்செய்தார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த சாவு நான்கிற்கும் கீழாயிற்று. அவருடைய ஆய்வுரை பத்திரிகையில் அச்சானது 1973இல். அதற்கு முன்னரே, வங்கநாட்டு விடுதலைப் படையினரின் மறைவு வானொலி அம்முறையை ஒலிபரப்பிவிட்டது. அதனைக் கேட்ட தாய் மருத்துவப் பத்திரிகையை அறியாள். அறிய வேண்டிய தேவையும் இல்லை.

இக்காலத்தில் நம் நாட்டு மாணாக்கர்க்குக் கதவுகள் முன்னினும் அகலத் திறந்துள்ளன. ஒரு நாடு ஒரு சந்தா என்னும் திட்டத்திற்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, மூன்று ஆண்டுகட்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிற்று; முப்பது பதிப்பாளரின் ஏறத்தாழ 13,000 பத்திரிகைகள் 2025 முதல் அதில் அடங்கும். ஆனால் அது அரசு நடத்தும் உயர்கல்வி நிலையங்கட்கு என வகுக்கப்பெற்றது. நாகைக் கரையின் சுகாதாரச் செவிலிக்கு அதனால் ஒன்றும் இல்லை. சந்தா கட்டிப் பெற்றதைப் படிக்கலாமேயன்றித் தமிழாக்கி அச்சிட்டு வழங்கலாகாது. திறந்த அணுக்கத்தின் சிறப்பு ஈண்டுதான் விளங்குகின்றது. பிளாஸ் மெடிசின் போன்ற பத்திரிகையில் வந்த கட்டுரையை எழுதியோர் பெயரைக் குறித்து எவரும் மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். எவரையும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை.

கீழைக்கரையில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். பெரும்புயல்கள் பெரும்பாலும் அதன் பின்னரே வருவன. நம் கல்லூரியில் உயிரியல் பயில்வோர் நால்வரும், தமிழ் பயில்வோர் நால்வரும் ஆடித் திங்களில் அமர்ந்தால், சடலம், குடிநீர், எலிக்காய்ச்சல், துயருற்றோரிடம் பேசும் முறை ஆகிய நான்கைப் பற்றியும் நான்கு தாள்கள் புரட்டாசிக்குள் ஆயத்தமாகும். மாணாக்கர் எழுதியதை மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்தித் தருதல் இன்றியமையாதது. சொல்லும் பேச்சுவழக்கினின்றும் எடுத்ததாயிருத்தல் வேண்டும். இக்கட்டுரையின் நடை அதற்கு உதவாது.